மாத்திரைக்குக் காப்பீடு உண்டா?

(புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதும் அல்ல, சாதியைப் பற்றியதும் அல்ல. அதனால் உங்களில் சிலருக்கு ஏமாற்றம் இருந்தாலும் இருக்கலாம். நீங்கள் காலையில் பல் விளக்கியவுடன் வாயில் போட்டுக்கொள்ளுகிற மாத்திரையைப் பற்றியும், வீட்டுப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற காப்பீட்டு அட்டையைப் பற்றியும், இந்த இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்பதைப் பற்றியுமே பேசப் போகிறோம்.

நாம் வைத்தியரும் அல்ல, வக்கீலும் அல்ல. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதும் இல்லை. ஆனாலும் கையில் அகப்பட்ட காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் கீழே வைப்பதில்லை என்கிற ஒரு பழக்கம் மாத்திரம் நம்மிடம் உண்டு. அந்தப் பழக்கத்தினால் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோமே தவிர வேறில்லை. நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்பாதீர்கள். உங்கள் காகிதத்தை எடுத்து ஒத்துப்பார்த்து, சரி என்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் வடகாட்டுப் பக்கம் ஒரு கிராமத்திற்குப் போயிருந்தோம். ஒரு வயதான அம்மாள் நம்மைப் பார்த்தவுடன், "தம்பி, நீ படிச்ச ஆளு, இதைப் பாரு" என்று சொல்லி, சாமி மாடத்திலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. மஞ்சள் துணியில் சுற்றி, மேலே குங்குமமும் வைத்திருந்தது. "அஞ்சு லட்ச ரூவா அட்டைன்னாங்க. மெடிக்கல்ல கொண்டுபோயி நீட்டுனா, ஆத்தா இதுக்கெல்லாம் மாத்திரை கிடையாதுன்னு சிரிக்கிறான்" என்றார். மாத்திரை சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டோம். இருபது நாளாயிற்றாம். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டியவர். கையில் காசு இல்லை; அட்டைதான் இருக்கிறதே, அது காப்பாற்றும் என்று இருந்துவிட்டார்.

தோழர்களே! அந்த அம்மாளைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை. மெடிக்கல் கடைக்காரர் சொன்னதும் பொய்யல்ல. அட்டை கொடுத்தவர்கள் சொன்னதும் பொய்யல்ல. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது என்றால், "மருந்து" என்கிற ஒரு வார்த்தைக்கு அந்த அம்மாள் கொண்ட அர்த்தம் ஒன்று, காப்பீட்டுக் காகிதம் கொண்ட அர்த்தம் வேறொன்று. அந்த அர்த்தம் என்ன என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவருமில்லை. சொல்லாததனால் அட்டை தாயத்து ஆகிவிட்டது.

காப்பீட்டுக் காகிதத்தின் அர்த்தம் இதுதான். மருந்து என்றால், நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது உங்களுக்குக் கொடுக்கப்படுகிற மருந்து. கட்டிலை விட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டால், சில நாள்கள் வரையில்தான் அது மருந்து. அதற்குப் பிறகு அதே மாத்திரை, அதே வியாதிக்கு, அதே வைத்தியர் எழுதினாலும், காப்பீட்டுக் கணக்கில் அது மருந்து அல்ல. உங்கள் சொந்தச் செலவு.

இந்த நாட்டில் காப்பீட்டு முறையே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கென்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது வேறு பெயரில், விரிவான திட்டமாக வந்தது. 2018-இல் இந்திய சர்க்கார் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியபோது இரண்டும் இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை என்றாயிற்று. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் என்றிருந்த வரம்பும் பிறகு 1,20,000 என்று உயர்ந்தது. இவை நல்ல காரியங்களே. இருதய ஆபரேஷனும், புற்றுநோய் வைத்தியமும், சிறுநீரகத்துக்கு டயாலிசிஸும் காசில்லாத ஏழைக்கு நடக்கின்றன என்றால் அதை யாரும் குறை சொல்ல முடியாது. கட்டிலில் இருக்கும்போது கொடுக்கிற மருந்து, ஊசி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். ஆகவே இந்த அட்டையின் பேரில் சேர்ந்திருக்கும்போது, "மருந்துக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டு" என்று எந்த ஆஸ்பத்திரியாவது கேட்டால் அது முறையல்ல. 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசிப் புகார் சொல்லலாம். ஆயுஷ்மான் விதிப்படி, சேருவதற்கு முந்தின 3 நாள் மருந்தும், வீட்டுக்குப் போன பின் 15 நாள் மருந்தும் கணக்கில் சேரும். பதினாறாவது நாள்? பதினாறாவது நாள் சர்க்கரை வியாதி போய்விடுமா? விதியில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

சரி, பணம் கட்டித் தனியார் கம்பெனியில் பத்திரம் வாங்கியிருக்கிற கடைக்காரத் தோழர்கள், "நமக்கு அப்படியில்லை" என்று நினைக்கலாம். அதையும் பார்ப்போம். காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு மேலே ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று இருக்கிறது. அது வகுத்திருக்கிற பொது அர்த்தங்களின்படி, ஆஸ்பத்திரியில் "சேர்ந்தார்" என்றால் தொடர்ந்து 24 மணி நேரமாவது உள்ளே இருந்திருக்க வேண்டும். கண் புரை ஆபரேஷன், டயாலிசிஸ் போன்று ஒரே நாளில் முடிகிறவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. "ஆஸ்பத்திரி" என்றாலும் எல்லாம் ஆஸ்பத்திரி ஆகிவிடாது. பத்து லட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகையுள்ள ஊரில் 10 கட்டிலாவது இருக்க வேண்டும். பெரிய பட்டணத்தில் 15 கட்டில். ஆக, நம்மூர்ச் சின்ன கிளினிக்கில் போய் ஊசி போட்டு, ஆயிரம் ரூபாய்க்கு மருந்து வாங்கி வந்தால் அது காப்பீட்டின் கண்ணுக்கே தெரியாது. 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரேமாதிரி விற்கவேண்டும் என்று ஏற்படுத்தப்பட்ட ஆரோக்கிய சஞ்சீவனி என்கிற பத்திரத்தில், சேருவதற்கு முன் 30 நாள், வெளியே வந்தபின் 60 நாள் மருந்துச் செலவு உண்டு. அதுவும் எந்த வியாதிக்குச் சேர்ந்தீர்களோ அந்த வியாதிக்கு மட்டும். வெளி நோயாளிச் செலவுக்குத் தனியாக அதிகப் பணம் கட்டினால் கொடுக்கிற பத்திரங்களும் இருக்கின்றன. அதற்குக் கட்டுகிற பணத்தையும் கிடைக்கிற பணத்தையும் நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

இனி, வைத்தியர் எழுதிய மருந்து, எழுதாத மருந்து என்கிற பிரிவு. இதில்தான் நாமே ஏமாந்தோம். மூன்று வருடத்துக்கு முன் நமக்கு ஒரு குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தபின் வாங்கிய மருந்துகளுக்கு 1,840 ரூபாய் ஆயிற்று. ரசீதுகளையெல்லாம் ஊசியில் குத்தி வைத்திருந்து ஒழுங்காக அனுப்பினோம். வந்தது 610 ரூபாய். ஏன் என்று கேட்டதற்கு இரண்டு பதில். ஒன்று, மூன்று ரசீதுகளுக்கு டாக்டர் சீட்டு இல்லையாம். அது வாஸ்தவமே, பழைய சீட்டைக் காட்டி மறுபடியும் மறுபடியும் வாங்கினோமே தவிர நகல் எடுத்து இணைக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாது. மற்றொன்று, சத்து மாத்திரைக்குப் பணம் கிடையாதாம். வைத்தியர் வாயால் சொன்னார், "ஒரு மாதம் சாப்பிடுங்கள்" என்று. வாயால் சொன்னது கணக்கல்ல.

கோபம் வந்து பத்திரத்தை எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு படித்தோம். (நம் வீட்டம்மாள், "பரீட்சைக்கா?" என்று கேட்டார்.) அதில் கம்பெனி கொடுக்க வேண்டாதவற்றின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான வாசகம் அது. பதினான்காவது எண்ணில் இருப்பதன் கருத்து என்னவென்றால், வைத்தியர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய சத்துப் பொருள்கள், வைட்டமின்கள், தாது உப்புகள் முதலியவற்றுக்குப் பணம் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிச் சிகிச்சையின் பாகமாக வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தால் உண்டு. இன்னொரு ஜாபிதாவில் பணம் கொடுக்கப்படாத சாமான்கள் 68 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அதில் கிரீம், பவுடர், தைலம் எல்லாம் இருக்கின்றன. மருந்தாக வைத்தியர் எழுதியிருந்தால் மட்டும் தப்பும். பார்த்தீர்களா! டப்பாவுக்குள் இருக்கிற வஸ்து ஒன்றுதான். வைத்தியரின் பேனா அதன்மேல் பட்டால் மருந்து, படாவிட்டால் பலசரக்கு.

இதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கண்டவர்கள் கண்டதை வாங்கிக் கணக்கு எழுதினால் எந்த நிதியும் தாங்காது. அல்லாமலும், வைத்தியர் சீட்டு என்பதைக் காப்பீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டமும் 1945-ஆம் வருஷத்து விதிகளும் சில மருந்துகளை வைத்தியர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று எச் என்கிற அட்டவணையில் வைத்திருக்கின்றன. மாத்திரை அட்டையின் மேல் ஆர்எக்ஸ் என்ற எழுத்தும், பதிவு பெற்ற வைத்தியர் சீட்டின் பேரில்தான் விற்கலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தால் அது அந்த ரகம். 2014 மார்ச்சிலிருந்து சில கிருமிக்கொல்லி மருந்துகளுக்கும் தூக்க மருந்துகளுக்கும் எச்1 என்று இன்னும் கடுமையான அட்டவணை வந்து, கடைக்காரர் நோட்டில் பெயர் எழுதி வைக்கவேண்டும் என்றாயிற்று. இவ்வளவும் இருந்தும், "அண்ணே, காய்ச்சலுக்கு நாலு செட் மாத்திரை போடுங்க" என்று கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற கடை எந்த ஊரில் இல்லை? அப்படி வாங்குவது உடம்புக்கும் கேடு. பிறகு பணம் கேட்கவும் வழியில்லை.

நம்முடைய ஆட்சேபணை சீட்டைப் பற்றியதல்ல. கட்டிலைப் பற்றியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வைக்கிற மாத்திரைகள் பழைய மாத்திரைகள், மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்றவை, விலை அதிகமில்லாதவை. அவற்றை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் வருஷங்கள் போகப் போகச் சிறுநீரகம் கெடும், மூளையில் இரத்தக்குழாய் அடைக்கும், இருதயம் கெடும், கால் புண் ஆறாது. அப்போது காப்பீடு ஓடிவருகிறது. டயாலிசிஸுக்குப் பணம் கொடுக்கிறது, இருதய ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கிறது. தினம் சில ரூபாய் மாத்திரைக்குக் கொடுக்க மாட்டேன், அது இல்லாமல் சிறுநீரகம் போன பிறகு லட்சம் கொடுப்பேன் என்றால் இதற்கு என்ன பெயர்? கூரையில் ஓட்டை விழுந்தபோது ஒரு கீற்றுக் கொடுக்காதவன், வீடு இடிந்தபின் சிமெண்டு மூட்டையோடு வந்து நிற்பதுபோல் இருக்கிறது. அதுவும் இங்கே இடிந்தது வீடல்ல, மனிதன். 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கில், கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும்தான் அது கட்டுக்குள் இருந்தது. இந்திய சர்க்காரே வெளியிட்ட 2021–22-ஆம் ஆண்டு சுகாதாரக் கணக்கின்படி, தேசத்தின் வைத்தியச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாய் ஜனங்கள் தங்கள் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது. அதில் பெரும்பங்கு மருந்துக் கடைக்குத்தான் போகிறது.

இந்தப் பைத்தியக்காரத்தனம் நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெடிகேர் என்று 1965-இல் சட்டம் செய்தார்கள். கட்டிலுக்குப் பணம், வைத்தியருக்குப் பணம். வீட்டில் சாப்பிடுகிற மாத்திரைக்குப் பணமில்லை. கிழவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கூப்பாடு போட்டார்கள். 2003-இல்தான் மாத்திரைக்கென்று சட்டம் வந்து, 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வருஷம்! அதிலும் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மருந்து ஜாபிதா வைத்துக்கொண்டு, இது முதல் தட்டு, இது இரண்டாம் தட்டு என்று பிரித்து, தட்டுக்குத் தக்கபடி நோயாளியிடம் வசூலித்து வந்தது. 2025 முதல்தான் ஒருவர் வருஷத்தில் தம் கையிலிருந்து கொடுப்பதற்கு உச்ச வரம்பு ஏற்பட்டது. அந்த வருஷத்துக்கு 2,000 டாலர்.

வெளிநாடு போக வேண்டியதுகூட இல்லை. நம் நாட்டிலேயே 1948-இல் செய்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. என்று சொல்லுகிறோமே, அதுதான். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் ஆரம்பமாயிற்று. அந்தச் சட்டத்தில் வைத்திய உதவி என்றால் கட்டிலில் படுத்தால்தான் என்று இல்லை. வெளி நோயாளியாக வந்தாலும் சிகிச்சை, மருந்து. ஆகவே மாத்திரைக்குக் காப்பீடு முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், எழுபது வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிற காரியம் எப்படி முடியாததாகும் என்று கேளுங்கள். ஆனால் அது யாருக்கு? மில்லிலும் தொழிற்சாலையிலும் கடையிலும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. 2017-இல் வைத்த வரம்புப்படி மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு. கீரமங்கலத்தில் விடியற்காலையில் பூப் பறிக்கிறவருக்கும், கந்தர்வகோட்டையில் முந்திரி உடைக்கிறவருக்கும் சம்பளப் பட்டியல் ஏது?

இந்த இடத்தில் ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "அப்படியானால் காப்பீடே வேண்டாம் என்கிறீர்களா? ஏழைகள் மாத்திரைக்கு என்ன செய்வது?" என்று எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. காப்பீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அட்டை இல்லாதவர்கள் உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாத்திரைக்கு அட்டை தேவையே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும், புதுக்கோட்டையில் 2017-இல் திறந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நாம் சொன்ன அம்மாளின் பெயரையும் அந்தக் கணக்கில் சேர்த்தாயிற்று. கடையில்தான் வாங்கவேண்டும் என்றால் 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், மத்திய சர்க்காரின் மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு.

இதைச் சொன்னவுடன் அந்த அம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "சர்க்கார் மாத்திரை கேக்காது தம்பி" என்றார். அவர் மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்லுகிறார்கள். இதுவும் ஒரு மூடநம்பிக்கையே. காசு கொடுத்தால்தான் பலிக்கும் என்பது மந்திரவாதியிடம் கற்றுக்கொண்ட பாடம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று 1994-இல் ஏற்பட்ட ஸ்தாபனம் மருந்துகளை வியாபாரப் பெயரில் வாங்காமல், மருந்தின் சொந்தப் பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாய் வாங்குகிறது. அதனால்தான் விலை மலிவு. மாதிரிகளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. பளபளப்பான அட்டையில் இருக்கும் மெட்ஃபார்மினும், "விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்த அட்டையில் இருக்கும் மெட்ஃபார்மினும் உள்ளே ஒன்றுதான். கேட்கவில்லை என்று சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்; இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். அதற்கும் அங்கே காசில்லை. ஆனால் சில மாதம் மாத்திரை வந்து சேராமலும், முப்பது நாளைக்குப் பதில் பத்து நாளைக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு என்று இங்கே இருக்கிற தாய்மார்கள் தலையாட்டுகிறார்கள். அதைத் தலையாட்டுவதோடு விடக்கூடாது. 104 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மனுவாக எழுதிக் கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதித் தருகிறோம்.

பத்திரம் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. புரியாத பாஷையில் ஒருவர் ஓத, அர்த்தம் கேட்காமல் தலையைக் குனிந்துகொள்ளுகிற வழக்கத்தைக் கல்யாணத்தில் விட்டுவிட்டீர்கள். காப்பீட்டில் மட்டும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஏஜெண்டு பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறீர்களே! 2024 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு பத்திரத்தோடும் எது உண்டு, எது கிடையாது என்று எளிய வார்த்தையில் ஒரு விவரத்தாள் கொடுக்கவேண்டும். கேட்டால் தமிழிலேயே கொடுக்கவேண்டும். கேளுங்கள். வாங்கிய பிறகு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் புதிய பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெளியே வந்தபின் எத்தனை நாள் மருந்து, சீட்டு எப்படி இருக்கவேண்டும், முன்பே இருந்த சர்க்கரைக்கு எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று ஏஜெண்டைக் கேளுங்கள். பதில் தெரியாத ஏஜெண்டாக இருந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நியாயமான பணத்தைக் கம்பெனி வெட்டினால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். நம்முடைய சத்து மாத்திரைப் பணத்துக்கு நாம் எழுதவில்லை. சீட்டு இல்லாதது நம் பிசகு. ஆனால் சீட்டு வைத்திருந்தும் வெட்டுப்பட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள்.

நேரமாகிவிட்டது, அறந்தாங்கிப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ்ஸும் வந்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு இதே இடத்தில் உட்காருவோம். அட்டை உள்ளவர்கள் அட்டையையும், பத்திரம் உள்ளவர்கள் பத்திரத்தையும், மருந்துச் சீட்டு, ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றாய்ப் படித்து அர்த்தம் பார்ப்போம். எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது. கண்ணாடி உள்ளவர்கள் மறக்காமல் கண்ணாடியும் கொண்டுவரவும்.